கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வருகிற வாகனக் கேள்வி-பதில் பகுதியை விடாமல் படிக்கிறவன் நான். சென்ற வாரம் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்தில் பழைய பெட்ரோல் டிரக் ஒன்று இருக்கிறது, ஓடும்போது நன்றாக ஓடுகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று. "கார்புரேட்டரை மாற்றுங்கள், அப்போதும் சரியாகாவிட்டால் வண்டியைக் கழித்துவிடுவதே லாபம்" என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. அந்த இரண்டு வரியை நம்பி இந்த வட்டாரத்தில் எத்தனை நல்ல கார்புரேட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போகுமோ என்று நினைத்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் நீளம்தான். முடிந்தவரை வெட்டாமல் போட வேண்டுகிறேன்.

காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். எங்கள் ஊர் கொப்பரைக் களங்களும் எண்ணெய் மில்களும் நிறைந்த ஊர். தோட்டத்திலிருந்து களத்துக்குத் தேங்காய் கொண்டுவர ஒரு காலத்தில் இங்கே நிறைய ஓடியது மஹிந்திராவின் எஃப்.சி. 150 டிரக். மூக்கில்லாத வண்டி. டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி இருக்கும், அதைத் தூக்கினால் எஞ்சின். ஜீப்பில் இருந்த அதே நாலு சிலிண்டர் ஹரிகேன் எஞ்சின்தான், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். பெரும்பாலானவற்றுக்குப் பின்னாளில் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள். பெட்ரோல் எஞ்சினோடு இன்றைக்கும் மிஞ்சியிருப்பவை, அப்பாரு காலத்து வண்டி என்று ஆசையாக வைத்திருக்கிறவர்களின் வண்டிகள். வெள்ளகோவில்காரர் என்ன வண்டி என்று எழுதவில்லை. அவருடையது எஃப்.சி. ஆனாலும், ஜீப்பில் கட்டிய பிக்கப் ஆனாலும், ஃபார்கோ, டாட்ஜ் மாதிரி இன்னும் பழையதானாலும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

அவருடைய கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. "ஓடும்போது நன்றாக ஓடுகிறது" என்கிறார். அப்படியானால் டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது, பம்ப் வேலை செய்கிறது, ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட் திறந்திருக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெல்லச் சுற்றும்போது, எது மட்டும் முக்கியமோ அங்கேதான் கோளாறு. ஐடிலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற கார்புரேட்டருக்குள் இருக்கிற பட்டாம்பூச்சித் தகடு ஏறக்குறைய மூடிக்கிடக்கும். மெயின் ஜெட் வழியாக அப்போது ஒரு சொட்டுகூட வராது. தகட்டுக்குக் கீழே ஊசி நுழைகிற அளவில் ஒரு துளை, அதற்குப் பெட்ரோல் அளந்து விடுகிற ஸ்லோ ஜெட், அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு மிக்சர் திருகு, இவ்வளவுதான் எஞ்சினை உயிரோடு வைத்திருக்கின்றன. தகடு மூடியிருப்பதால் கீழே எஞ்சினின் உறிஞ்சல் மிகக் கடுமையாக இருக்கும். எங்கேயாவது முடியளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகக் கணக்கில்லாத காற்று உள்ளே போய்விடும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த ஓட்டைக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஐடிலில் அது எஞ்சினைக் கொன்றுவிடும்.

ஆகவே பட்டறைக்கு ஆள் வந்து "ஏனுங்க, வண்டி ஐடில்ல ஓடமாட்டேங்குதுங்க" என்று சொன்னால் நான் ஸ்பானரை எடுக்க மாட்டேன். கேள்விதான் கேட்பேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினவுடனே நிற்கிறதா, சூடான பிறகா? குலுங்கிக் குலுங்கி நிற்கிறதா, சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கிறதா? பிரேக் அடிக்கும்போது மட்டுமா? ராத்திரி லைட் போட்டால் மட்டுமா? சட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்டுக் கோளாறு. குலுங்கி, கரும்புகை விட்டு, பெட்ரோல் வாடையோடு நின்றால் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டர் வழியாக இருமி இருமி நின்றால் காற்று அதிகம். பிரேக் அடிக்கும்போது மட்டும் நின்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் சரியில்லை, அதைக் கட்டுப்படுத்துகிற மிதவையைப் பார்க்க வேண்டும். ராத்திரி மட்டும் நிற்கிற வண்டி ஒன்று வந்தது. டைனமோ உள்ள வண்டி அது. டைனமோ ஐடில் வேகத்தில் சார்ஜ் கொடுக்காது. பேட்டரியும் பலவீனம். ஹெட்லைட் இழுத்தது போக காயிலுக்கு மிச்சம் போன கரண்டில் ஸ்பார்க் செத்துக் கிடந்தது. அந்த வண்டிக்கும் யாரோ புது கார்புரேட்டர் மாட்டித்தான் அனுப்பியிருந்தார்கள்.

கேள்விக்கு அடுத்து ஒரே ஒரு சோதனை. இதற்கு மெக்கானிக் வேண்டாம், வண்டிக்காரரே சீட்டில் உட்கார்ந்தபடி செய்யலாம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டு, நிற்கப்போகிற நேரம் பார்த்து சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற குமிழை, கால்வாசி இழுங்கள். எஞ்சின் தேறி ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தால் அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகி நின்றால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் கார்புரேட்டரை மறந்துவிட்டு ஸ்பார்க்கையும் வால்வையும் பாருங்கள். இத்தனை வருடத் தொழிலில் இந்தச் சோதனையைப் போல நேரத்தை மிச்சப்படுத்தியது வேறெதுவும் இல்லை.

சில வருடத்துக்கு முன் முத்தூர்ப் பக்கமிருந்து எஃப்.சி. ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அடுத்தடுத்து கார்புரேட்டர் மாற்றியாகிவிட்டது, மாட்டியிருந்ததும் புதிதுதான், டூப்ளிகேட். கம்பெனியில் வந்த பழைய சோலெக்ஸ் கார்புரேட்டர் சீட்டுக்கு அடியில் கோணிப்பையில் சுற்றிக் கிடந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் எஞ்சின் சீராகச் சுற்றியது, விட்டால் இருமி நின்றது. காற்று வருகிறது, எங்கே என்பதுதான் கேள்வி.

மற்ற வண்டிகளில் முதலில் சந்தேகப்படுவது, காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகிற இன்டேக் மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற பேக்கிங்கை. ஃபார்கோ மாதிரி வால்வெல்லாம் எஞ்சின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கிற அடிப்பாகத்தில், இருக்கிற எஞ்சினில் மேனிஃபோல்டு பக்கவாட்டில் தனியாக போல்ட் போட்டு நிற்கும். அந்த பேக்கிங் ஓரமெல்லாம் தண்ணீர் பீய்ச்சிப் பார்க்க வேண்டும். ஹரிகேன் எஞ்சினில் அது கிடையாது. இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்று அமைந்த எஞ்சின் அது, இன்டேக் மேனிஃபோல்டை ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். கார்புரேட்டர் நேராக அதன் மேல் உட்காரும். ஆகவே காற்று திருட்டுத்தனமாக நுழைய அங்கே வழிகள் கம்மி. கார்புரேட்டர் அடி பேக்கிங், தகட்டைத் தாங்குகிற ஷாஃப்ட், பழைய வண்டியாக இருந்தால் வைப்பருக்குப் போகிற வேக்குவம் குழாய், அப்புறம் எஞ்சின் அடிவயிற்றில் சேருகிற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகிற குழாயில் இருக்கிற விரல் பருமன் வால்வு.

கடைசியில் சொன்ன அந்த வால்வை இன்றைக்குப் பல மெக்கானிக்குகளுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கும் ஓர் ஊசியும். ஐடிலில் உறிஞ்சல் கடுமையாக இருக்கும்போது ஊசி இழுபட்டு வழியை ஏறக்குறைய அடைத்துக்கொள்ள வேண்டும். வேகம் கூடி உறிஞ்சல் குறைந்ததும் திறக்க வேண்டும். முத்தூர் வண்டியில் அந்தக் குழாயைக் கழற்றி இன்டேக் பக்க ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். அவ்வளவுதான். எஞ்சின் மூச்சு வாங்கி, ஒருமுறை தடுமாறி, அப்புறம் சீராகச் சுற்ற ஆரம்பித்தது. விரலை எடுத்தால் இருமல், வைத்தால் அமைதி. வண்டிக்காரரைக் கூப்பிட்டு அவர் விரலையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். வால்வைத் திறந்தால் கருப்புச் சேறு கெட்டியாகி ஊசி திறந்த நிலையிலேயே ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, குலுக்கினால் கடகட என்று சத்தம் வருகிறதா என்று பார்த்து மாட்டினேன். கோணிப்பையில் கிடந்த பழைய சோலெக்ஸைத் துடைத்துத் திரும்ப ஏற்றினேன். இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது. அந்த வண்டி வீணாக விழுங்கிய பணம் முழுவதும் அந்தச் சேற்றினால் போனது.

ஷாஃப்ட் தேய்மானமும் இந்தப் பக்கம் நிறைய. புழுதி ரோடு, களத்துத் தூசி. ஐடிலில் ஓடும்போது ஆக்சிலேட்டர் லிங்க் மாட்டுகிற கொக்கியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஷாஃப்டின் பக்கவாட்டில் காற்று போகிறது. எவ்வளவு டியூன் செய்தாலும் அது நிற்காது. பித்தளை புஷ் போட வேண்டும்.

ஓட்டை தேட நம் பட்டறைகளில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பெட்ரோலை பாட்டிலில் ஊற்றி மூடியில் ஓட்டை போட்டு ஓடுகிற எஞ்சின் மேல் பீய்ச்சுகிறார்கள். எஃப்.சி.யில் எஞ்சின் கேபினுக்குள் இருக்கிறது. சிவக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் அரையடி தள்ளி இருக்கிறது. தீப்பிடித்தால் இறங்கி ஓடக்கூட வழியில்லை. தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். செடிக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் தண்ணீர் போதும். ஓட்டை இருக்கிற இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறும். சந்தேகமான பேக்கிங் ஓரத்தில் கெட்டி கிரீஸ் அப்பினாலும் தெரிந்துவிடும்.

காற்று ஓட்டை இல்லை என்று உறுதியானால் டெல்கோவுக்கு, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு, வர வேண்டும். அதற்குள் கரண்டை விட்டு விட்டு அறுக்கிற பாயிண்டின் இடைவெளி இந்த எஞ்சினுக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பிளக் 0.030 அங்குலம். பாயிண்டைத் தள்ளுகிற ஃபைபர் குமிழ் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் டைமிங், அதாவது ஸ்பார்க் வருகிற நேரம், பின்னால் போகும், டைமிங் பின்னால் போனால் ஐடில் இறங்கும். ஒரே நாளில் நடப்பதில்லை இது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குவதால் வண்டிக்காரருக்குத் தெரியாது. ஐடில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வருவார். இந்த எஞ்சினுக்கு, பிஸ்டன் மேல் முனையைத் தொடுவதற்கு 5 டிகிரி முன்னால் ஸ்பார்க் வர வேண்டும். டைமிங் லைட் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு 12 வோல்ட் பல்பை காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகிற முனைக்கும் பாடிக்கும் நடுவில் பிடித்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால், பாயிண்ட் திறக்கிற அந்தக் கணம் பல்பு எரியும். அப்போது குறி நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டெல்கோ ஷாஃப்டையும் ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் இடைவெளியை எவ்வளவு சரியாக வைத்தாலும் ஐடிலில் நிலைக்காது. கண்டன்சரைப் பற்றி எழுத அதிகமில்லை. சூடானால் மட்டும் சட்டென்று நிற்கிற வண்டிக்குக் கண்டன்சரையும் காயிலையும் மாற்றிப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தாலும் நல்ல கண்டன்சராகக் கேட்டு வாங்குங்கள். புதுப் பொட்டலத்தில் வருகிறவை எல்லாம் நம்பத் தகுந்தவை அல்ல.

வால்வுக்கு வருகிறேன். டாப்பெட் என்பது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவே விடுகிற இடைவெளி. ஹரிகேன் எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இன்டேக் டாப்பெட் 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016. இன்டேக்கை மேலே ராக்கர் மூடியைக் கழற்றிச் சரிசெய்வது சுலபம், அதனால் எல்லோரும் அதைச் செய்வார்கள். எக்ஸாஸ்ட் டாப்பெட் பிளாக்கின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கிறது, கை நுழையாத இடம், அதனால் யாரும் தொடமாட்டார்கள். வால்வு உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடைவெளி இறுகிப்போனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. ஐடிலில் ஒரு சிலிண்டர் செத்துப்போகும். "சூடானால் ஐடில் இல்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு நான் முதலில் திறப்பது அந்தப் பக்கவாட்டு மூடியைத்தான்.

இதையெல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிற கருவி ஒன்று உண்டு, எஞ்சினின் உறிஞ்சலை அளக்கிற வேக்குவம் கேஜ். விலை அதிகமில்லை. நல்ல எஞ்சினில் ஐடிலில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். கடல் மட்டத்துக்குச் சொன்ன அளவு அது. ஆயிரம் அடி ஏற ஒரு அங்குலம் குறையும், ஆகவே காங்கேயத்தில் 16 காட்டினால் பயப்பட வேண்டாம். வால்பாறைக்கோ ஊட்டிக்கோ போனால் இன்னும் குறைத்துப் பார்க்க வேண்டும். முள் தாழ்ந்து அசையாமல் நின்றால் காற்று ஓட்டை, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒரே சீராக டக் டக் என்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு. மெல்ல மேலும் கீழுமாக மிதந்தால் மிக்சர். புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் ஸ்கேனர் வாங்கப் பல ஆயிரம் போடுகிறார்கள். போடட்டும், தேவைதான். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 புகை விதி வந்ததோடு மோட்டார் சைக்கிளிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் போய்விட்டது, அவர்களுக்கு இதைக் கையால் தொட்டுப் பழக வண்டியே கிடைப்பதில்லை. ஆனால் பழைய வண்டி கொண்டுவருகிறவரிடம் "கார்புரேட்டர் போச்சுங்க" என்று பார்க்காமல் சொல்வதைவிட அந்த கேஜை மாட்டி இரண்டு நிமிடம் நிற்பது தொழிலுக்கு மரியாதை.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர். அப்போதும் கழற்ற வேண்டாம், முதலில் மிக்சர் திருகைத் தொட்டுப் பாருங்கள். ஓடுகிற எஞ்சினில் திருகை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எஞ்சின் நிற்க வேண்டும். முழுவதும் மூடியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஸ்லோ ஜெட் வழி அடைத்திருக்கிறது, அல்லது யாரோ ஐடில் திருகை ஏற்றி வைத்துத் தகட்டை அதிகம் திறந்துவிட்டார்கள். திருகை இறுக்கி முறுக்கக் கூடாது. அதன் கூர்நுனியில் வளையமாகத் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. லேசாக உட்காரவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து கேஜில் முள் எங்கே உச்சம் காட்டுகிறதோ அங்கே விட வேண்டும்.

சோலெக்ஸ் ஜெட்டில் எண் பொறித்திருக்கும். அது மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 50 என்றால் துளை அரை மில்லிமீட்டர். தென்னந்தோப்பில் ஆறு மாதம் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் படிகிற பிசின் அந்தத் துளையை எளிதாக மூடிவிடும். குண்டூசியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மிருது, துளை பெரிதாகிவிடும். கழுவி, காற்றடித்து, அப்படியும் போகாவிட்டால் வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து நுழைக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். பெட்ரோல் அதிகமாகி நிற்கிற வண்டி என்றால் மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சளசளத்தால் பொத்தல். கொதிநீரில் அமுக்கினால் எங்கே என்று குமிழி காட்டிக்கொடுக்கும்.

எல்லாப் பழியும் எத்தனால் மேல் என்று இப்போது ஒரு பேச்சு. பழி முழுவதும் இல்லை, ஆனால் பங்கு உண்டு. நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பை 2022 ஜூனில் எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் சில பெட்ரோல் பங்குகளில் வந்தது, 2025-ல் எங்கும் அதுவே ஆகிவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற நம் விவசாயிக்கு அதில் வருமானம் இருக்கிறது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5. புது வண்டியில் கம்ப்யூட்டர் பார்த்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. அதே துளை, அதே அளவு. ஆகவே பழைய செட்டிங்கில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது, அது முதலில் தெரிவது ஐடிலில்தான். மிக்சர் திருகைக் கால் அல்லது அரைச் சுற்று கூடுதலாக வெளியே எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சில வண்டிகளுக்கு ஸ்லோ ஜெட்டை ஒரு எண் கூட்ட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பழைய ரப்பர். பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், ஊசி வால்வின் ரப்பர் நுனி எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பவோ வெடிக்கவோ செய்கின்றன. டேங்கில் இத்தனை வருடமாக ஒட்டியிருந்த அழுக்கையும் அது கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் சேர்க்கிறது. மூன்றாவது, தண்ணீர். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நிறுத்திவைத்த வண்டியில் ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஜீப் எஞ்சினின் பெட்ரோல் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதே, அதை டார்ச் அடித்துப் பாருங்கள். கிண்ணத்துக்குள் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால் கீழே இருப்பது பெட்ரோல் இல்லை. தினமும் ஓடாத வண்டிக்கு டேங்கில் குறைவாக ஊற்றுங்கள், அடிக்கடி ஊற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிண்ணத்தையும் டேங்கையும் வடித்துவிடுங்கள்.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அதனால் இருக்கிற பெட்ரோலில் வண்டியை ஓடவைப்பது நம் வேலையாகிவிட்டது. ஒன்று மட்டும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்கிறேன். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதை நாசிலுக்குப் பக்கத்தில், கிராமத்து ஆள் படிக்கிற மாதிரி பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

தைப்பூசம் வந்தால் இந்தக் கோளாறு இன்னொரு முகம் காட்டும். காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குழுக்களுக்குப் பின்னால் அண்டா குண்டா, அரிசி மூட்டையோடு ஒரு வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து போகும். முதல் மணி நேரம் ஒன்றும் இருக்காது. வெயில் ஏறியதும் நிற்க ஆரம்பிக்கும், நின்றால் கால் மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல எழும். இதுவும் ஐடில் கோளாறாகத்தான் தெரியும். ஆனால் காரணம் சூடு. எஞ்சின் பெட்டிக்குள் அனல் தேங்கி, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து, தானாகவே இன்டேக்குக்குள் வழிகிறது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சூடு ஏறாமல் தடுக்கிற தடித்த பேக்கலைட் துண்டு இருக்க வேண்டும். கழற்றி மாட்டுகிற யாரோ ஒரு காலத்தில் அதைத் தொலைத்துவிட்டு வெறும் அட்டை பேக்கிங் வைத்திருப்பார்கள். அதைத் தேடி வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை உரசிப் போனால் தள்ளிக் கட்டுங்கள். முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வண்டியை, கூட்டத்துக்கு நடுவில், பின்னால் லாரி வருகிற நெடுஞ்சாலையில் நிற்கவைக்கக் கூடாது. கிளம்புவதற்கு முதல் நாளே வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டுப் பாருங்கள்.

வெள்ளகோவில் நண்பருக்கு: ஐடில் திருகை ஏற்றி வைத்துக்கொண்டு சமாளிக்காதீர்கள். கியர் கடிக்கும், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தானாகச் சுற்றும், பெட்ரோல் குடிக்கும், உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும். நாளைக்குக் காலையில் எஞ்சினைச் சூடாக்கி, சோக்கைக் கால்வாசி இழுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். அதைத் தாளில் எழுதிக்கொண்டு உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். வண்டியில் இருக்கிற பழைய கார்புரேட்டர் கம்பெனியில் வந்ததாக இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் எடைக்குப் போடாதீர்கள். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் கோயம்புத்தூரில் லேத் வைத்திருப்பவர்கள் புஷ் அடித்துக் கொடுப்பார்கள். பாடி விரிசல் விடாத வரைக்கும் அதைச் சரிசெய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்